பவானி ஆற்றுத் தண்ணீர் யாருக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஈரோடு, கோபி, காங்கயம் பக்கம் டீக்கடைப் பேச்சு ஒன்றுதான்: அணையில் எத்தனை அடி, வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது. பவானியை நம்பி இருப்பவர்கள் பல ஊர், பல தரப்பு. ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குக் குறைவதாகத் தெரிகிறது. பல சமயம் அது உண்மையும்கூட. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

நீலகிரியில் அவ்வளவு மழை பெய்கிறதே, பவானியில் ஏன் பற்றாக்குறை?

மழை குறைவென்று யாரும் சொல்வதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மேல்பவானி, குந்தா பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் கொட்டுகிறது. மாயாறும் வந்து சேர்கிறது. இரண்டு பருவத்திலும் தண்ணீர் தரும் ஆறு தமிழ்நாட்டில் அதிகமில்லை. அந்த வகையில் பவானி கொடுத்துவைத்த ஆறு.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அந்த அணையிலிருந்து பிரியும் கீழ்பவானி வாய்க்காலுக்கு மட்டும் ஒரு முழு வருஷத்துக்குத் தேவை 36 டி.எம்.சி.: முதல் போகத்துக்கு 24, இரண்டாம் போகத்துக்கு 12. அதற்கு மேல் பழைய வாய்க்கால்கள், குடிநீர், ஆலைகள். ஆக, அணை ஒருமுறை நிரம்பினால் போதாது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போதே மேலே இருந்து வரத்து வந்துகொண்டே இருக்க வேண்டும். ஆகஸ்டில் நிரம்பி வழிந்த அணை அக்டோபர், நவம்பர் மழை ஏமாற்றினால் ஜனவரியில் கையை விரிக்கும். "அணை நிரம்பியதே, அப்புறம் ஏன் இரண்டாம் போகத்துக்கு இழுக்கிறார்கள்?" என்பதற்கும் இதுவே பதில்.

டி.எம்.சி., கனஅடி என்றால் எவ்வளவு?

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடி. லிட்டரில் சுமார் 2,830 கோடி. ஆற்றிலோ வாய்க்காலிலோ "2,300 கனஅடி போகிறது" என்றால் விநாடிக்கு அவ்வளவு என்று அர்த்தம். அந்த வேகத்தில் ஐந்து நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. கீழ்பவானி வாய்க்காலின் முழு ஓட்டம் ஏறத்தாழ அந்த 2,300 கனஅடிதான். 120 நாள் ஓடினால் 24 டி.எம்.சி. அரசாணையில் வரும் கணக்கும் இதேதான். செய்தியில் ஏதாவது திட்டத்துக்கு "வெறும் ஒன்றரை டி.எம்.சி." என்று படித்தால், அது இந்த வாய்க்காலின் ஏழரை நாள் ஓட்டம் என்று மனதில் மாற்றிக்கொள்ளுங்கள். பெரியதா சிறியதா என்று சட்டென்று பிடிபடும்.

ஆற்றில் யார் யாருக்கு உரிமை? வரிசை என்ன?

வந்த வரிசைப்படியே சொல்கிறேன்.

முதலில் வந்தவை கொடிவேரி அணையும் காலிங்கராயன் அணைக்கட்டும். கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் 24,504 ஏக்கர். பவானி ஊருக்கு அருகே, காவிரியில் ஆறு கலப்பதற்குச் சற்று முன்னால் காலிங்கராயன் அணைக்கட்டு. அதிலிருந்து 15,743 ஏக்கர். காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. நேராகப் போனால் சீக்கிரம் முடிந்திருக்கும். வளைந்து நெளிந்து 90 கிலோமீட்டர் ஓடி நொய்யலைத் தொடுகிறது. வாய்க்காலை வெட்டியவர் தன் வம்சத்தார் அதன் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஊரையே விட்டுப் போனார் என்பது கொங்கு நாட்டில் இன்றும் சொல்லும் கதை. நிஜமோ இல்லையோ, தண்ணீர் விஷயத்தில் தலைவருக்கு இருக்க வேண்டிய நாணயம் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பது அதில் தெரிகிறது. வாய்க்கால் பாசனத்துக்கு உட்பட்ட நிலத்துக்கு ஆயக்கட்டு என்று பெயர். இந்த 40,000 ஏக்கரைத்தான் "பழைய ஆயக்கட்டு" என்கிறோம்.

இரண்டாவதாக வந்தது கீழ்பவானித் திட்டம். 1948-இல் வேலை தொடங்கி 1955-இல் முடிந்தது. சுதந்திர இந்தியாவின் ஆரம்பகாலப் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று. 200 கிலோமீட்டர் வாய்க்கால். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர். இது "புதிய ஆயக்கட்டு". எழுபது வருஷம் ஆகியும் பெயர் என்னவோ புதியதுதான்!

மூன்றாவது நகரங்கள். கோவைக்குப் பில்லூரிலிருந்து போகும் குழாய்கள், மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், கோபி என்று கரையோர ஊர்கள், கரையிலிருந்து தூரத்தில் இருக்கும் அவினாசி, அன்னூர் பக்கத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள். இவை பாசனத்துக்குப் பின்னால் வந்தாலும், முன்னுரிமையில் முதலில் நிற்கின்றன. தேசிய நீர்க்கொள்கையும் குடிநீரைத்தான் முதலில் வைக்கிறது.

நான்காவது, அத்திக்கடவு–அவினாசி மாதிரி மிகைநீர்த் திட்டங்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக வந்தவருக்கு "இருக்கிறவர்களுக்குப் பாதிப்பில்லை" என்று சொல்லித்தான் தண்ணீர் கொடுத்தார்கள். மழை நன்றாக இருக்கும் வருஷத்தில் அது சரிதான். மழை குறைந்த வருஷத்தில் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள். பவானியில் இன்று நடக்கும் சண்டைகளில் பெரும்பாதி அந்தத் தள்ளிப்போட்ட பேச்சின் மிச்சம் என்பது என் எண்ணம்.

பழைய ஆயக்கட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மாதம் தண்ணீர்? எங்களுக்கு நாலு மாதம்தானே?

புதிய ஆயக்கட்டு விவசாயிகள் மனதில் ஆறாமல் இருக்கும் கேள்வி இது. காலிங்கராயனில் வருஷத்தில் ஏறத்தாழ பத்து மாதம் தண்ணீர் ஓடுகிறது. மஞ்சளும் கரும்பும் வாழையும் அங்கே நிற்பது அதனால்தான். தடப்பள்ளி, அரக்கன்கோட்டையில் இரண்டு போகம் நெல். கீழ்பவானியில் ஒரு போகம், அதிலும் முறை வைத்து.

பழைய ஆயக்கட்டின் வாதம் எளிது: அணை கட்டும் முன்பே ஆறு எங்கள் மதகு வழியாகத்தான் போனது, அணை எங்கள் தண்ணீரைத் தடுத்துத்தான் தேக்குகிறது, ஆகவே எங்கள் பங்கைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் புது வாய்க்காலில் விட வேண்டும். புதிய ஆயக்கட்டின் வாதம்: அந்தக் காலத்தில் ஆற்றில் வெள்ளம் போனால்தான் உங்களுக்கும் தண்ணீர், கோடையில் உங்களுக்கு உறுதியாகத் தண்ணீர் கிடைப்பதே இந்த அணை வந்த பிறகுதான், ஆகவே அணையின் பலனில் பங்கு கேட்கும்போது வறட்சியின் சுமையிலும் பங்கெடுங்கள்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. முந்தி வந்தவரின் உரிமையைத் தூக்கி எறிய முடியாது. ஏழெட்டு நூற்றாண்டுப் பாசனம் அது. ஆனால் ஏக்கருக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கும்போது, முந்தி வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக வறட்சி வருஷத்திலும் குறையாமல் கேட்பது சரியாகப் படவில்லை. உரிமை முதலில் என்றால், தண்ணீர் பெறும் வரிசையில் முதலில். அளவில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்கிறார்களே, அது என்ன?

கீழ்பவானியின் 2,07,000 ஏக்கரையும் ஒரே நேரத்தில் நனைக்கத் தண்ணீர் கிடையாது. அதனால் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிக்கு 1,03,500 ஏக்கர். பிரித்த விதம்தான் அழகு. மேல்மடை ஒரு பாதி, கடைமடை ஒரு பாதி என்று வெட்டவில்லை. வாய்க்கால் நெடுக மதகுகளுக்கு எண் கொடுத்து, ஒற்றைப்படை ஒரு பாதி, இரட்டைப்படை இன்னொரு பாதி என்று வைத்தார்கள். சென்னசமுத்திரம் பகிர்மான வாய்க்காலில் மட்டும் இது தலைகீழ்: பிரதான வாய்க்காலில் ஒற்றைப்படை திறந்தால் அங்கே இரட்டைப்படை. இதனால் ஒரே ஊரில் ஒருவர் வயலில் நெல், அடுத்த மதகுக்காரர் வயல் காய்ச்சல். வறட்சி வந்தாலும் ஒரு வட்டாரமே மொத்தமாகக் காய்வதில்லை.

ஒரு வருஷம் ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 முதல் 120 நாள் நஞ்சைத் தண்ணீர். ஜனவரியில் தொடங்கி இன்னொரு பாதிக்குப் புஞ்சைத் தண்ணீர். கடலை, எள், மக்காச்சோளம் மாதிரிப் பயிர்களுக்கு. புஞ்சைக்குத் தொடர்ந்து விடுவதில்லை. சில நாள் திறப்பு, சில நாள் நிறுத்தம் என்று நனைப்புக் கணக்கில் வரும். அடுத்த வருஷம் முறை மாறும்.

இதைக் காலண்டரில் போட்டுப் பாருங்கள். டிசம்பரில் நெல் அறுத்த வயலுக்கு அடுத்த தண்ணீர் அதற்கடுத்த வருஷம் தாண்டி வரும் ஜனவரியில். நடுவில் ஒரு வருஷத்துக்கும் மேல் வாய்க்கால் அந்த மதகைத் திரும்பிப் பார்க்காது. அந்த இடைவெளியை நிரப்புவது கிணறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கான்கிரீட் கேள்வியில் தேவைப்படும்.

சட்டப்படி ஆற்றுத் தண்ணீர் யாருக்குச் சொந்தம்? என் தோட்டம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது, மோட்டார் வைத்து எடுக்கலாமா?

யாருக்கும் சொந்தமில்லை. பயன்படுத்தும் உரிமைதான் உண்டு. 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, ஓடையைத் தொட்டு நிலம் வைத்திருப்பவர் குடிக்க, வீட்டுக்கு, மாட்டுக்கு, அந்த நிலத்துப் பாசனத்துக்குத் தண்ணீர் எடுக்கலாம் என்கிறது. கூடவே ஒரு முடிச்சு: அதே மாதிரி உரிமையுள்ள மற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கேடு வரக்கூடாது. இதைவிடப் பெரிய முடிச்சு 2-ஆவது பிரிவில் இருக்கிறது. இயற்கையாக ஓடும் ஆறுகளின் தண்ணீரைத் தேக்கவும் பகிரவும் அரசுக்கு இருக்கும் அதிகாரத்தை இந்தச் சட்டம் தொடாது என்று அது சொல்கிறது. அரசியல் சட்டத்திலும் பாசனமும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில்தான் வருகின்றன. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளில்தான் மத்திய அரசு தலையிடும் வழி இருக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். அனுமதியில்லாமல் ஆற்றிலோ வாய்க்காலிலோ மோட்டார் போடக்கூடாது. கரையில் ஒரு கிணறு வெட்டி, அதிலிருந்து பல கிலோமீட்டர் குழாய் பதித்து, ஆற்றைத் தொடாத நிலத்துக்குக் கொண்டுபோவது கரையோர உரிமையில் அடங்காது. "கிணற்றிலிருந்துதானே எடுக்கிறேன்" என்பார்கள். ஆற்று மணலை ஒட்டிய கிணற்றில் ஊறுவது ஆற்றுத் தண்ணீர்தான் என்பது எடுப்பவருக்கும் தெரியும். விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், இப்படி எடுப்பதற்குச் செலவும் பெரிதாக இல்லை. கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்ற புகாருக்கு இது ஒரு முக்கியமான காரணம். மேடையில் அதிகம் பேசப்படாத காரணமும் இதுதான்.

கீழ்பவானி விவசாயிகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் நிலம் பெரும்பாலும் ஆற்றைத் தொடுவதில்லை. அந்த உரிமை கரையால் வந்ததல்ல. அரசு திட்டத்தாலும் ஆயக்கட்டுப் பதிவாலும் வந்தது. ஆயக்கட்டுப் பதிவில் இருக்கும் நிலம் எது, மதகு எண் என்ன என்ற ஆவணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

குடிநீருக்கு என்றால் யார் மறுக்க முடியும்? அதில் என்ன பிரச்சினை?

மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அளவும் பாசனத்தோடு ஒப்பிட்டால் சின்னதுதான். கோவைக்கான பில்லூர் மூன்றாவது திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்குச் சுமார் 178 மில்லியன் லிட்டர், அதாவது 17.8 கோடி லிட்டர். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 2.3 டி.எம்.சி.; கீழ்பவானி வாய்க்காலில் பன்னிரண்டு நாள் ஓட்டத்துக்கும் குறைவு.

ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பாசனத்துக்கு ஏப்ரல், மே மாதங்களில் மூடிவிடலாம். நகரத்துக்கு மூட முடியாது. அணையின் அடிமட்டத்தில் கிடக்கும் தண்ணீருக்கு நகரம் முன்பதிவு செய்துவிடுகிறது. வறட்சியில் மதகு திறக்கலாமா என்ற பேச்சு வரும்போது அந்த முன்பதிவு போகத்தான் மிச்சம்.

இரண்டாவதுதான் சுவாரசியம். காவிரி நடுவர் மன்றம், வீட்டு உபயோகத்துக்கு எடுக்கும் தண்ணீரில் 20 சதவீதம்தான் உண்மையில் செலவாகிறது, மிச்சம் கழிவாக ஆற்றுக்கே திரும்புகிறது என்று கணக்குப் போட்டது. காவிரிப் படுகை முழுவதையும் ஒரே ஆறாகப் பார்த்தால் சரிதான். பவானியில் நின்று பார்த்தால்? கோவையின் கழிவு நொய்யலுக்குப் போகிறது. எடுப்பது பவானியில், விடுவது நொய்யலில். பவானி அணைக்கும் அதன் வாய்க்கால்களுக்கும் அது நூறு சதவீத இழப்பு. நொய்யலுக்கும் நல்ல தண்ணீராகப் போகவில்லை. கழிவைச் சுத்திகரித்து ஆலைக்கும் தோட்டத்துக்கும் திருப்பிக் கொடுத்தால், அடுத்த பில்லூர்த் திட்டத்தைச் சில வருஷமாவது தள்ளிப்போடலாம். புதுக் குழாய் பதிக்கக் கிடைக்கும் பணமும் கைதட்டலும் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யக் கிடைப்பதில்லை.

ஆலைகள்தான் எல்லாத் தண்ணீரையும் குடிக்கின்றன என்கிறார்களே?

அளவில் பார்த்தால் பாசனத்துக்குப் பக்கத்தில் வராது. ஆலைகள் செய்தது வேறு கேடு: மிச்சமிருக்கும் தண்ணீரைப் பயன்படாமல் ஆக்கியது. சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானியில் கலந்த காலத்தைப் பெரியவர்கள் மறக்கவில்லை. ஈரோட்டில் தோல், சாயக் கழிவுகள் காலிங்கராயன் வாய்க்காலில் கலந்த கதையும் நீளம். திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு கழிவே வெளியேறாத முறைக்கு மாறித்தான் திறந்தார்கள். அதில் கிடைத்த உபலாபம், ஆலைகள் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. மாசுக்காகப் போட்ட கட்டுப்பாடு தண்ணீர்த் தேவையையும் குறைத்தது.

வாய்க்காலில் கான்கிரீட் போட்டால் தண்ணீர் மிச்சமாகுமே, ஏன் எதிர்க்கிறார்கள்?

கீழ்பவானியில் இதைப் போல ஊரைப் பிரித்த விஷயம் வேறில்லை. அண்ணன் தம்பிகூட எதிரெதிர்க் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

வாய்க்கால் மண்ணால் ஆனது. மலைச்சரிவின் மட்டத்தை ஒட்டி 200 கிலோமீட்டர் போகிறது; வழியில் கரை இரண்டு பக்கமும் கசிகிறது. கடைமடைக்காரர் சொல்வது: எங்கள் பங்கு வழியிலேயே மண்ணுக்குள் போகிறது; கரை உடைப்பும் அடிக்கடி; தளம் போட்டால் எங்களுக்கும் முழுத் தண்ணீர் வரும். வெள்ளகோவில் பக்கமோ கரூர் எல்லையிலோ காய்ந்த கொப்பு (கிளை) வாய்க்காலைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

எதிர்ப்பவர்கள் சொல்வது: அந்தக் கசிவு வீணாகவில்லை. எங்கள் கிணற்றில் ஊறுகிறது, குளம் குட்டையை நிரப்புகிறது, பள்ளங்களில் ஓடி மறுபடி பாசனமாகிறது. முறை இல்லாத வருஷம் நாங்கள் பிழைப்பதே அந்தக் கிணற்றால். குடிநீருக்கும் அந்தக் கிணறுகள்தான்.

மேலே சொன்ன ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட இடைவெளியை இப்போது நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வேறு வேறு இல்லை. மண் வாய்க்கால் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை நிலத்தடியில் சேமித்து வைக்கிறது. யாரும் கட்டாத, காசு செலவில்லாத சேமிப்பு. கான்கிரீட் போட்டால் தண்ணீர் புதிதாகப் பிறப்பதில்லை, கிணற்றுக்காரரிடமிருந்து கடைமடைக்காரருக்கு மாறுகிறது. மாற்றுவது நியாயமாகவும் இருக்கலாம், ஏனென்றால் பதிவுபெற்ற ஆயக்கட்டுக்காரர் கடைமடையில்தான் காய்கிறார். கசிவில் பிழைக்கும் நிலத்தில் கொஞ்சம் ஆயக்கட்டிலேயே இல்லை. ஆனால் இதைச் "சிக்கனம்" என்று சொல்லி மறைக்காமல், இவரிடமிருந்து எடுத்து அவருக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லிப் பேசியிருந்தால் இவ்வளவு கசப்பு வந்திருக்காது.

2020-இல் அரசு ஒப்புதல், 2021-இல் பிரதமர் அடிக்கல், 2023-இல் வேலையைத் தொடங்க உயர் நீதிமன்ற உத்தரவு, அதை எதிர்த்துப் போராட்டம், பேச்சுவார்த்தை என்று போனது. பலவீனமான கரைகளையும் மதகுகளையும் மட்டும் சரிசெய்வது, கசிவு தேவைப்படும் இடத்தில் மண்ணை அப்படியே விடுவது என்ற நடுவழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதோடு மேல்மடையில் திருட்டுத்தனமாக எடுப்பதை நிறுத்தாமல் தளம் மட்டும் போட்டால், கான்கிரீட்டில் வழுக்கி வரும் தண்ணீரும் கடைமடைக்குப் போய்ச் சேராது.

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் பவானிப் பாசனத்தைப் பாதிக்குமா?

வடிவமைப்பைப் பார்த்தால், இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் கேட்டு, 2024 ஆகஸ்டில் திறந்த திட்டம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிகையாகப் போகும் தண்ணீரிலிருந்து 1.5 டி.எம்.சி. எடுக்கிறார்கள், 250 கனஅடி வீதம் 70 நாள். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு.

எடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். பவானியின் கடைசி அணைக்கட்டைத் தாண்டிய பிறகு எடுப்பதால், பழைய, புதிய ஆயக்கட்டு இரண்டும் தங்கள் பங்கை எடுத்த மிச்சம்தான் கிடைக்கும். உரிமை வரிசையை மதித்த திட்டம் என்று தாராளமாகச் சொல்வேன். அதற்கான விலை மின்சாரம்: ஆற்றின் கடைசியில் எடுத்து, 6 நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். மழை பொய்த்த வருஷத்தில் ஏற்ற ஒன்றும் இருக்காது. அதாவது தண்ணீர் மிக அவசியமான வருஷத்தில் இந்தத் திட்டம் உதவாது. குளங்களில் முந்தைய வருஷம் ஊறியது நிலத்தடியில் நின்றால்தான் பலன்.

மின்வாரியம் தண்ணீரை நிறுத்தி வைக்கிறதா?

குந்தா, பில்லூர் அணைகள் மின்சாரத்துக்கானவை. மின்சாரம் எடுத்த தண்ணீர் செலவாவதில்லை, கீழே வந்துவிடும். எப்போது வருகிறது என்பதுதான் விஷயம். கோடையில் மின்தேவைக்காக விடும் தண்ணீர் பவானிசாகருக்கு வரத்தாக வந்து உதவுவதும் உண்டு. பைக்காரா தண்ணீரும் மாயாறு வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது.

கேரளா அணை கட்டினால்?

பவானி தமிழ்நாட்டில் பிறந்து, அட்டப்பாடி வழியாகக் கேரளாவுக்குள் போய், திரும்பி வருகிறது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பு கேரளத்துக்கு மொத்தம் 30 டி.எம்.சி. கொடுத்தது, அதில் பவானிப் படுகையில் 6. ஆகவே கேரளத்துக்குப் பவானியில் பங்கே இல்லை என்று மேடையில் பேசுவது தவறு. அந்த 6 டி.எம்.சி.க்குள், படுகைக்கு உள்ளேயே பயன்படுத்துகிறார்களா, வேறு ஆற்றுக்குத் திருப்புகிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2002 வாக்கில் அட்டப்பாடியில் முக்காலி என்ற இடத்தில் தண்ணீரைத் திருப்பும் முயற்சிக்கு எதிர்ப்பு கிளம்பியது அதனால்தான்.

டெல்டா விவசாயிகளுக்குப் பவானியில் உரிமை உண்டா?

உண்டு. பவானி காவிரியில் கலப்பது மேட்டூருக்குக் கீழே. இங்கே வழியும் தண்ணீர் டெல்டாவுக்குப் போகிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த 404.25 டி.எம்.சி.யில் பவானியில் நாம் பயன்படுத்துவதும் அடக்கம். கர்நாடகத்திடம் கணக்குக் கேட்கும் நாம், நம் வீட்டுக்குள் மேல்மடை, கடைமடை என்று வரும்போது அதே கணக்கைக் காட்டத் தயங்குகிறோம்.

இன்னொரு அணை கட்டினால் தீராதா?

தீராது. கடலுக்கு வீணாகப் போகிறது என்று நினைக்கும் தண்ணீர் சில வாரத்து வெள்ளம் மட்டுமே. அதுவும் எல்லா வருஷமும் வருவதில்லை. மற்ற நாளில் ஓடும் ஒவ்வொரு கனஅடிக்கும் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். குளம் தூர்வாருவது, பவானிசாகரில் படிந்த வண்டலைக் கவனிப்பது ஆகியவற்றில் இதைவிட அதிக பலன்.

நெல்லை விட்டுவிட்டால்?

முதல் போகத்தின் 24 டி.எம்.சி.யை 1,03,500 ஏக்கரில் பரப்பினால் ஐந்தடிக்கு மேல் நிற்கும் (வழியில் கசிவதையும் சேர்த்து). புஞ்சைக்கு அதில் பாதி. ஆக, பயிர் மாற்றத்தில் மிச்சம் இருக்கிறது. ஆனால் வாய்க்கால் ஓடும் நாலு மாதம் வயல் தானாகவே ஊறிக் கிடக்கும் இடத்தில் கடலை போட முடியாது, வேர் அழுகும். நெல்லுக்கு அரசுக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, எள்ளுக்கு அப்படி இல்லை. பயிரை மாற்றச் சொல்லும் முன் விற்கும் வழியை மாற்ற வேண்டும்.

வறட்சி வருஷத்தில் எப்படித்தான் பங்கிடுவது?

இப்போது நடப்பது இது: அணை குறைவாக இருந்தால் விவசாயிகள் சங்கங்கள் மனு கொடுக்கும், கூட்டம் நடக்கும், அமைச்சர் வருவார், யாராவது நீதிமன்றம் போவார்கள், கடைசியில் நிற்கும் பயிரைக் காப்பாற்ற உயிர்த்தண்ணீர் என்று சில நாள் விடுவார்கள். 2016–17 மாதிரியான வருஷத்தில் அதற்கும் வழியில்லாமல் போனது. முடிவு தெரிவதற்குள் விதைக்கும் பருவம் போய்விடும்.

வேண்டியது, முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு படிநிலை அட்டவணை. இன்ன தேதியில் அணையில் இவ்வளவு இருந்தால் முழுப் பாசனம். இவ்வளவுக்குக் கீழே போனால் பழைய ஆயக்கட்டுக்கு இத்தனை நாள் குறைவு, புதிய ஆயக்கட்டுக்கு நஞ்சைக்குப் பதில் புஞ்சை. இன்னும் கீழே போனால் குடிநீருக்கு மட்டும், நகரங்களிலும் முறைவைத்து. இரண்டு ஆயக்கட்டும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டுமா, பழையதற்குக் கொஞ்சம் சலுகை வேண்டுமா என்பதைத் தண்ணீர் நிறைந்திருக்கும் வருஷத்தில் பேசி முடிக்கலாம். காய்ந்த வருஷத்தில் பேசினால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். குறைத்துக்கொள்பவருக்கு இழப்பீடு உண்டா, அதை நகரம் கொடுக்குமா என்பதும் அந்த அட்டவணையில் இருக்க வேண்டும். வயலைக் காயப்போட்டவர் செலவில் நகரம் குடிக்கும்போது, தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு பங்கு அவருக்குப் போவது தானமாகாது.

என் மதகுக்கு இந்த முறை தண்ணீர் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் உங்கள் மதகு எண்ணும், பிரதான வாய்க்காலா சென்னசமுத்திரம் வாய்க்காலா என்பதும். திறப்புக்கு முன் வரும் அரசாணையில் ஒற்றைப்படையா இரட்டைப்படையா, எந்தத் தேதி வரை, எத்தனை மில்லியன் கனஅடி என்று இருக்கும். "எத்தனை நாள்" என்பதை மட்டும் பார்க்காதீர்கள், "தேவைக்கேற்ப" என்றோ "நீர் இருப்பைப் பொறுத்து" என்றோ ஒரு வார்த்தை ஒட்டியிருந்தால் அதுதான் முக்கியம். தினசரி நீர்மட்டமும் வரத்தும் செய்தித்தாளில் வருகிறது. வரத்தைவிடத் திறப்பு எவ்வளவு அதிகம் என்று கழித்து, ஐந்து நாள் முழு ஓட்டத்துக்கு ஒரு டி.எம்.சி. என்ற கணக்கில் வகுத்தால், இருப்பு எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே போடலாம்.

கொப்பு வாய்க்காலில் பங்கு குறைந்தால் முதலில் உங்கள் பாசன சபைத் தலைவரிடமும் பிரிவு உதவிப் பொறியாளரிடமும் எழுத்தில் கொடுங்கள். 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் நீர்ப்பாசன முறை மேலாண்மைச் சட்டப்படி சபைகள் தேர்தல் மூலம் வந்தவை. அந்தந்த வாய்க்காலில் பங்கீடு பார்ப்பது அவர்கள் வேலை. தண்ணீர் எந்த நாளில், எந்த மதகில், எத்தனை மணி நேரம் வரவில்லை என்று குறித்து வைத்துக் கொடுக்கும் மனுவுக்கும், "கடைமடைக்குத் தண்ணீரே வரவில்லை" என்று பொதுவாக எழுதும் மனுவுக்கும் கிடைக்கும் மரியாதை வேறு.